புகைத்தவர் எல்லோருக்கும் புற்றுநோய் ஏன் வருவதில்லை? மரபணு–சூழல் ஆய்வுகள் பற்றி ஒரு விவாத இழை

பவளமல்லி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புள்ளியியல் முதுகலையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் புற்றுநோய்ப் பரவலியல் பக்கம் போகலாம் என்றதும் நெறியாளர், "மரபணு–சூழல் இடைவினையை எடுத்துக்கொள், தரவு கொட்டிக் கிடக்கிறது" என்றார் (மரபணுவும் சூழலும் சேரும்போது ஒன்றின் விளைவை மற்றொன்று மாற்றுவது). தரவு கிடக்கட்டும், கேள்வியே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நோர்டிக் நாடுகளின் இரட்டையர் ஆய்வை வாசித்தேன் (2016). புற்றுநோய் அபாயத்தில் மரபுவழிப் பங்கு சுமார் 33 விழுக்காடு என்கிறது. அப்படியானால் மீதி 67 சூழலா? அப்படித்தான் என்றால் 'இடைவினை' எங்கே உட்காரும்? வாழ்நாள் முழுக்க ஊதித்தள்ளியும் 90 தாண்டி வாழ்பவர் இருக்கிறார், சிகரெட்டையே தொடாமல் நுரையீரல் புற்றுநோய் வந்தவரும் இருக்கிறார். இந்த வித்தியாசத்தை ஆய்வாளர்கள் எப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்?

எண்ணும்எழுத்தும்

முதலில் 100-இல் இருந்து 33-ஐக் கழிப்பதை நிறுத்துங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

அந்த 33 உங்களுக்கோ எனக்கோ நோய் வந்ததன் காரணத்தில் மரபணுவின் பங்கு இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் அபாயம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு ஒட்டிப் போகிறது என்பதன் அளவு. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். 1985-லேயே ஜெஃப்ரி ரோஸ் இதைச் சொல்லிவிட்டார்: எல்லோருமே தினம் ஒரே அளவு புகைத்தால் நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோய் போலத்தான் தெரியும். புகைப்பதில் வேறுபாடே இல்லாதபோது ஆய்வில் புகை எப்படிக் கண்ணில் படும்?

இன்னொன்று. இரட்டையர் மாதிரியில் இடைவினைக்கு என்று தனி இருக்கை கிடையாது. மரபணுவும் வீட்டில் பகிர்ந்த சூழலும் சேர்ந்து செய்வது 'மரபணு' கணக்கில் விழும். பகிராத சூழலோடு சேர்ந்து செய்வது 'சூழல்' கணக்கில் விழும். நீங்கள் தேடுவது இரண்டு பெட்டிக்குள்ளும் பெயர் தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

அதே ஆய்வில் நான் மாணவர்களுக்குக் காட்டும் எண்கள் வேறு. வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு மொத்தத்தில் 32%. உடன்பிறந்த இரட்டையருக்கு ஏற்கெனவே வந்திருந்தால், சாதாரண இரட்டையருக்கு 37%, ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு 46%. டிஎன்ஏ அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் 46-தான்.

விழுக்காட்டுப் பங்கீடு ஏன் அர்த்தமற்றது என்று பார்க்க ஜீரோடெர்மா பிக்மென்டோசம் போதும். புற ஊதாக் கதிர் டிஎன்ஏவில் ஏற்படுத்தும் சேதத்தைச் சரிசெய்ய முடியாத பிறவிக் குறை. பழுதுநீக்கம்தான் பிரச்சினை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968-இல் கண்டார். 20 வயதுக்குள் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் வரும் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைவிட 10,000 மடங்கு வரை. மரபணுக் குறை இல்லாவிட்டால் அந்த வயதில் அந்த நோய் அநேகமாக இல்லை. வெயில் படாமல் காத்தாலும் பெரும்பகுதி இல்லை. இதில் எத்தனை விழுக்காடு மரபணு, எத்தனை விழுக்காடு வெயில்? இரண்டுமே நூறு என்றாலும் பொய்யில்லை.

கீழ்வானம்

தொடர்கிறேன்.

எதிர்வாதி

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் "இடைவினை இருக்கிறது" என்று ஒரு கட்டுரை, "இல்லை" என்று அடுத்த கட்டுரை. இரண்டும் ஒரே தரவில் இருந்துகூட வரும். ஆளுக்கு ஏற்ற மாதிரி கணக்குப் போடுகிறீர்களா?

எண்ணும்எழுத்தும்

ஆளுக்கு ஏற்ற மாதிரி இல்லை, அளவுகோலுக்கு ஏற்ற மாதிரி. கையில் எண்களோடு பார்த்துவிடலாம்.

ஹாமண்ட், செலிகாஃப், சைட்மன் 1979-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கா, கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் கையாண்ட 17,800 இன்சுலேஷன் தொழிலாளர்கள், ஒப்பிட ஆஸ்பெஸ்டாஸ் கையாளாதவர்கள். ஒரு லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு நுரையீரல் புற்றுநோய் இறப்பு:

புகையும் இல்லை, ஆஸ்பெஸ்டாஸும் இல்லை: 11.3
ஆஸ்பெஸ்டாஸ் மட்டும்: 58.4
புகை மட்டும்: 122.6
இரண்டும்: 601.6

(இதில் மரபணு இல்லை, இரண்டும் சூழல்தான். கணக்கு ஒன்றே என்பதால் எடுத்துக்கொண்டேன்.)

இரண்டும் தனித்தனியாக வேலை செய்து கூடுகின்றன என்று வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தனியாகக் கூட்டுவது 47.1, புகை தனியாகக் கூட்டுவது 111.3. அடிப்படை 11.3-ஐயும் சேர்த்தால் 169.7 வரவேண்டும். வந்ததோ 601.6. பயங்கர இடைவினை!

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் 5.17 மடங்காக்குகிறது. 122.6-ஐ 5.17-ஆல் பெருக்கினால் சுமார் 634. வந்தது 601.6. கிட்டத்தட்ட அதேதான். இடைவினையே இல்லை!

ஒரே நான்கு எண்கள். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (நோய் உண்டா இல்லையா என்பதை அலசும் புள்ளியியல் முறை) போடுகிறவர், தான் பெருக்கல் அளவுகோலில் நிற்பதையே பல நேரம் கவனிப்பதில்லை. மென்பொருள் p மதிப்பு கொடுக்கிறது, "இடைவினை இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்.

எதிர்வாதி

சரி, இரண்டும் சரி என்றால் இரண்டும் பயனற்றது என்றுதானே ஆகிறது?

எண்ணும்எழுத்தும்

கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. ஆலையில் ஆஸ்பெஸ்டாஸை நிறுத்துகிறீர்கள். புகைக்காத ஒரு லட்சம் தொழிலாளர்களில் ஆண்டுக்கு 47 சாவு குறையும். புகைக்கிற ஒரு லட்சம் பேரில் 479 குறையும். பத்து மடங்கு வித்தியாசம். யாரைக் காப்பாற்ற முடியும் என்று கேட்கிறவருக்குக் கூட்டல் அளவுகோல்தான். "பெருக்கல் மாதிரி பொருந்துகிறது, ஆகவே இடைவினை இல்லை" என்று சொல்லி அந்த 479-ஐ மறைத்தால் அது புள்ளியியல் இல்லை, கண்கட்டு வித்தை.

மார்பகப் புற்றுநோயில் பெரிய பெரிய கூட்டு ஆய்வுகள் நடந்தன. பொதுவான மரபணு மாறுபாடுகளையும் உடல் எடை, மது, ஹார்மோன் மருந்துகளையும் சேர்த்து அலசினார்கள். பெருக்கல் அளவுகோலில் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. "தோல்வி" என்று சிலர் எழுதினார்கள். ஆனால் பெருக்கல் பொருந்துகிறது என்றாலே, மரபணு அபாயம் அதிகம் உள்ள பெண்ணுக்கு அதே பழக்கமாற்றத்தால் கிடைக்கும் பலன், எண்ணிக்கையில், கூடுதல் என்றுதான் பொருள்.

பிப்பெட்

நான் ஆய்வுக்கூட ஆள். நீங்கள் இருவரும் கூட்டலும் பெருக்கலுமாகச் சண்டை போடுங்கள். எனக்கு நொதி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் நம்பிக்கை வரும்.

1895-இல் பிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஃபுக்சின் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டார். பிற்பாடு காரணம் புரிந்தது: அரோமாட்டிக் அமின்கள். 2-நாஃப்தைலமின், 4-அமினோபைஃபினைல் போன்றவை. இதே வகையறா சிகரெட் புகையிலும் உண்டு.

இவற்றின்மேல் அசெட்டைல் என்ற சிறு வேதித்துண்டை ஏற்றிக் கல்லீரலில் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் ஒன்று என்ஏடி2. பிறப்பிலேயே சிலருக்கு இது வேகமாக ஓடும், சிலருக்கு மந்தமாக. மந்தம் என்றால் அமின் நெடுநேரம் உடலில் சுற்றும், வேறு பாதையில் போய்ச் சிறுநீர்ப்பையில் டிஎன்ஏவைப் பிடிக்கும். ஸ்பெயினில் 1,150 நோயாளிகளையும் 1,149 ஒப்பீட்டாளர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. மந்த வகையினருக்கு அபாயம் சுமார் 1.4 மடங்கு, அதுவும் புகைப்பவர்களிடம்தான் தூக்கலாக. இன்னொரு நொதி ஜிஎஸ்டிஎம்1. அந்த மரபணுவே இரண்டு பிரதியும் இல்லாதவர்களுக்கு 1.7 மடங்கு, ஆனால் அது புகைக்கிறாரா இல்லையா என்று பார்த்து மாறவில்லை. இரண்டும் நச்சுநீக்க நொதிகள், ஒன்று சூழலைப் பார்த்து ஆடுகிறது, இன்னொன்று ஆடவில்லை. கேள்விப்பட்ட மரபணுவை எல்லாம் கேள்விப்பட்ட நச்சோடு சோடி போட்டு "இடைவினை" என்று எழுதிய காலத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை.

சுவாரசியம் இனிமேல்தான். பென்சிடினும் அரோமாட்டிக் அமின்தான். சீனாவில் பென்சிடின் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது (1993) மந்த வகையினருக்குக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. காரணம், பென்சிடினைப் பொறுத்தவரை அசெட்டைல் ஏற்றுவது நச்சை நீக்கும் படியல்ல, வீரியமாக்கும் பாதையில் ஒரு படி. ஒரே மரபணு, ஒரே உறுப்பு. ரசாயனம் மாறியதும் கதை மாறிவிட்டது. 'கெட்ட மரபணு' என்று யாராவது சொன்னால் "எதற்கு?" என்று கேளுங்கள்.

பவளமல்லி

பிப்பெட் அக்கா, இது அருமை. இதுபோல ஒரே திசையில் தெளிவாக நிற்கிற உதாரணம் ஏதாவது உண்டா?

பிப்பெட்

ஏஎல்டிஹெச்2. மது உடலில் அசெட்டால்டிஹைடாக மாறும், அதை உடைப்பது இந்த நொதி. கிழக்கு ஆசியர்களில் சுமார் 36 விழுக்காட்டினருக்கு மது குடித்ததும் முகம் சிவப்பதற்கு முக்கியக் காரணம் இதில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம். அரைக் கோப்பை போதும். காது மடலில் தொடங்கிக் கழுத்துவரை சிவந்து, நெஞ்சு படபடக்கும். அசெட்டால்டிஹைடு தேங்குவதன் வெளி அடையாளம் அது.

ஒரு பிரதி மட்டும் மாறியவர்கள் பழகிப்பழகிக் குடிக்கத் தொடங்கினால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் மிகவும் கூடுகிறது. இரண்டு பிரதியும் மாறியவர்களுக்குக் குடிக்கவே முடியாது, அவ்வளவு அவஸ்தை. அதனால் அவர்களுக்கு அந்தப் புற்றுநோய் குறைவு.

எதிர்வாதி

நில்லுங்கள். நொதி முழுக்கப் படுத்துவிட்டவர்களுக்கு அபாயம் குறைவு, பாதி படுத்தவர்களுக்கு அதிகமா? அப்படியானால் மரபணு இங்கே செய்வது சூழலையே மாற்றுவது. இது இடைவினையா, வேறு ஏதாவதா?

எண்ணும்எழுத்தும்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். இரண்டும் நடக்கிறது. மரபணு ஒரு கையால் குடியைக் குறைக்கிறது, இன்னொரு கையால் குடியின் தீங்கைக் கூட்டுகிறது. முதல் கையைப் பிடித்துக்கொண்டுதான் மென்டலிய ரேண்டமைசேஷன் ஆட்கள் "மதுவே காரணம்" என்று நிறுவினார்கள்: மரபணு பிறப்பிலேயே குலுக்கலாக விழுகிறது, குடியோ அதன் வழி மாறுகிறது.

நுரையீரலிலும் இதே வம்பு. 2008-இல் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் 15-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தைக் காட்டின. அங்கே இருப்பவை நிகோடின் ஏற்பி மரபணுக்கள். அந்த மாறுபாடு உள்ளவர் நாளுக்குக் கூடுதலாக ஊதுகிறார், அதனால் நோயா? இல்லை நேராகவே நுரையீரலைத் தாக்குகிறதா? ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். "எத்தனை சிகரெட்" என்று கேள்வித்தாளில் எழுதிய எண், எவ்வளவு ஆழமாக இழுத்தார் என்பதைச் சொல்லாது. கோட்டினின் (நிகோடின் உடலில் உடைந்து விடும் தடயம்) அளந்து பார்த்தபோது, புகையின் அளவில் மரபணுவின் விளைவு, சிகரெட் எண்ணிக்கை காட்டியதைவிடப் பெரிதாக இருந்தது. சூழலைச் சரியாக அளக்காத இடத்தில் மரபணுவுக்கு இல்லாத வேலையெல்லாம் வந்துசேரும்.

களப்பணி

அந்தக் கேள்வித்தாளைக் கையில வெச்சுக்கிட்டுப் படுக்கை படுக்கையா அலைஞ்சவன் நான். கேஸ்–கன்ட்ரோல் ஆய்வு (நோயாளியையும் அந்த நோய் இல்லாதவரையும் ஒப்பிடறது), சிறுநீர்ப்பைப் புற்றுநோய். தொழில் வரலாறு மட்டுமே பல பக்கம்.

நோயாளிகிட்ட உக்காந்தா, "இருபது வயசுல எந்த ஆலை, எந்தப் பிரிவு, கையுறை உண்டா"ன்னு கேட்டதும் அவர் பாட்டுக்குச் சொல்லுவார். எனக்கு முன்னாடியே அவருக்கு அவரே ராத்திரி பூரா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கார். ஒருத்தர் சாயத்தோட நிறத்தைச் சொல்லி, அது நகக்கண்ணுல எத்தனை நாள் நிக்கும்னு விரலை விரிச்சுக் காட்டினார்.

அடுத்த வார்டுல கன்ட்ரோல். கால் முறிஞ்சு மாவுக்கட்டோட இருக்கார். அதே கேள்வி. "ஏதோ கம்பெனிங்க, பேர் ஞாபகம் இல்ல, எப்ப முடியும்?" கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருப்பார். அவரும் சாயத்துல கை வெச்சிருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்?

ரத்தத்துல இருக்கிற மரபணுவுக்கு மறதி கிடையாது. சூழல் பூரா இந்த மாதிரி வாயால வர்றதுதான். உங்க கணக்குல ரெண்டையும் ஒரே தராசுல வெக்கறீங்களே, அது எனக்கு எப்பவும் உறுத்தும்.

எண்ணும்எழுத்தும்

களப்பணி அண்ணன் சொன்னதை ஒவ்வொரு முறையியல் வகுப்பிலும் முதல் பக்கமாக ஒட்டவேண்டும். இதனால்தான் நோய் வருமுன்பே ஆட்களைச் சேர்த்து ரத்தம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் கோஹார்ட் ஆய்வுகள். ஈபிக் ஆய்வில் 10 ஐரோப்பிய நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேல். யூகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 5 லட்சம் பேரைச் சேர்த்தது. அதிலும் நொட்டை உண்டு: அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 5.5 விழுக்காடுதான், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள்.

ரசாயனத் தடயத்துக்கும் ஆயுள் உண்டு. கோட்டினின் சில நாட்களில் போய்விடும். ஹீமோகுளோபினில் ஒட்டிய தடயம் சிவப்பணுவின் ஆயுளான சுமார் 120 நாள்வரை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆலையை எதுவும் காட்டாது. 2005-இல் கிறிஸ்டோபர் வைல்ட் 'எக்ஸ்போசோம்' (வாழ்நாள் முழுக்க ஒருவர்மேல் படும் சூழல் அனைத்தும்) என்ற கருத்தை முன்வைத்தது இந்தக் கடுப்பில்தான்: ஜீனோமுக்கு இவ்வளவு துல்லியம், சூழலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மேம்போக்கு என்று.

பவளமல்லி

நெறியாளர் 'கேஸ்-ஒன்லி' வடிவமைப்பு என்று ஒன்று சொன்னார். கன்ட்ரோலே வேண்டாமாம், நோயாளிகளை மட்டும் வைத்தே இடைவினையைக் கணிக்கலாமாம். மாதிரி அளவும் குறைவாம். இதில் என்ன சூது?

எண்ணும்எழுத்தும்

சூது இருக்கிறது. நோயாளிகளுக்குள் மரபணுவும் சூழலும் சேர்ந்தே அதிகம் தென்பட்டால் அது இடைவினை என்று எடுத்துக்கொள்கிறோம். நோயற்ற மக்களில் அந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்ற நம்பிக்கைமேல் கட்டிய வீடு அது. ஏஎல்டிஹெச்2-வில் அந்த நம்பிக்கையே தப்பு: மரபணுதானே குடியைத் தீர்மானிக்கிறது. 15-ஆம் குரோமோசோமிலும் தப்பு. மேலும் அதில் கிடைப்பது பெருக்கல் அளவுகோல் இடைவினை மட்டும். அந்த 479 போன்ற எண்ணை அது தரவே தராது.

ஆனால் ஆசை புரிகிறது. ஒரு காரணியின் விளைவைப் பிடிக்கத் தேவையான ஆட்களைப்போல் குறைந்தது நான்கு மடங்கு வேண்டும், அதே அளவிலான இடைவினையைப் பிடிக்க. 1984-லேயே ஸ்மித்தும் டேயும் காட்டிய கணக்கு. சின்ன மாதிரியில் இடைவினை தேடுவது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்.

கீழ்வானம்

மரபணு ஆலோசனைப் பிரிவில் வேலை. எங்களிடம் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், "எனக்கு வருமா வராதா?" அவ்வளவுதான்.

பிஆர்சிஏ1 மாற்றம் (மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மாற்றம்) என்று அறிக்கை வந்ததும் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு நான் ஓர் ஆய்வைச் சொல்வதுண்டு. மேரி-கிளேர் கிங் குழு, 2003. பிஆர்சிஏ மாற்றம் கொண்ட பெண்களில், 1940-க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் 24%. 1940-க்குப் பின் பிறந்தவர்களுக்கு 67%. மாற்றம் அதே மாற்றம்தான், பிறந்த காலம்தான் வேறு. இளவயதில் உடற்பயிற்சியும் சீரான எடையும் இருந்தவர்களுக்கு நோய் தள்ளி வந்ததாகவும் அதில் கண்டார்கள். இதைச் சொல்லிவிட்டு "ஆகவே ஓடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்வதில்லை. அபாயம் பெரியதுதான், தொடர் பரிசோதனையும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சும் அப்படியே இருக்கும்.

எதிர்வாதி

எனக்கு வேறு பயம். மந்த என்ஏடி2 உள்ளவரைச் சாய ஆலையில் சேர்க்காதே என்று நாளை ஒரு முதலாளி சொன்னால்? ஆலையைச் சுத்தம் செய்வதைவிட ஆளை மாற்றுவது மலிவு. இந்த ஆராய்ச்சி கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

பிப்பெட்

நியாயமான பயம். அமெரிக்காவில் 2008-இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள், மரபணுத் தகவலை வைத்து வேலை மறுக்கக் கூடாது என்று. ஆனால் அறிவியலே உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1.4 மடங்கு என்பது ஆளைச் சலிக்க உதவாத எண். வேகமான வகையினருக்கும் நோய் வரும். சலித்து எடுத்தவரைப் பென்சிடின் பிரிவில் போட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அமினை நிறுத்தினால் இரு வகையினரும் தப்புவார்கள்.

களப்பணி

குடும்பத்துல நாலு பேருக்கு வந்தா உடனே பரம்பரைன்னுடறாங்களே, அதைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. ஒரே வீடு, ஒரே காத்து, ஒரே தண்ணி.

பிப்பெட்

துருக்கியில் கப்படோசியா பகுதி. கரைன், துஸ்கோய், சாரிஹிதிர் என்று மூன்று ஊர்கள். அங்கே இறப்புகளில் பாதிவரை மீசோதெலியோமா (நுரையீரல், வயிற்றின் உறையில் வரும் புற்றுநோய்). வீடு கட்டிய கல்லிலேயே எரியோனைட் என்ற நார்க்கனிமம். சில குடும்பங்களில் மட்டும் குவிந்து வந்ததால் 2001-இல் ஒரு குழு வம்சாவளி வரைந்து, பரம்பரை என்றது. அதே கல்வீட்டில்தானே குடும்பமும் வாழ்கிறது என்று மற்றவர்கள் கேட்டார்கள். 2011-இல் அமெரிக்காவில் இரண்டு குடும்பங்களில் பிஏபி1 என்ற மரபணுவில் பிறவி மாற்றம் கண்டுபிடித்தார்கள். பிறகு எலியில் செய்து பார்த்தார்கள்: ஒரு பிரதி குறைந்த எலிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கொடுத்தால் சாதாரண எலியைவிட அதிகமாக நோய் வந்தது. மனிதரில் வம்சாவளியையும் கல்லையும் பிரிக்க முடியாத இடத்தில் எலிதான் கைகொடுத்தது.

பவளமல்லியின் முதல் கேள்விக்கும் ஒரு துண்டு பாக்கி: புகைக்காதவரின் நுரையீரல். 2023-இல் வந்த ஆய்வில், புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசுக்களிலேயே 18% மாதிரிகளில் ஈஜிஎஃப்ஆர் மாற்றமும் 53% மாதிரிகளில் கேராஸ் மாற்றமும் இருந்தன (இரண்டும் நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணுக்கள்). இவை பிறவியில் வந்தவை அல்ல, வயதோடு செல்லில் நேர்ந்தவை. காற்றில் உள்ள நுண்துகள் புதிதாக மாற்றம் உண்டாக்குவதைவிட, அழற்சி மூட்டி, தூங்கிக்கொண்டிருந்த இந்தச் செல்களைக் கிளப்பிவிடுகிறது என்றார்கள். ஆக 'மரபணு' பக்கத்தில் எதை வைக்கிறோம், பிறவியில் வந்ததா, வாழ்வில் சேர்ந்ததா என்பதையும் உங்கள் ஆய்வுத்திட்டத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பவளமல்லி

எல்லோருக்கும் நன்றி. அளந்த தடயம் உள்ள கோஹார்ட் ஒன்றில், ஒரே மரபணு, ஒரே நச்சு என்று சுருக்கிக்கொண்டு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டல் அளவுகோலில் இடைவினைக்கு ஆர்ஈஆர்ஐ என்ற குறியீட்டைப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் எண்களை 11.3-ஆல் வகுத்து மடங்குகளாக்கிப் போட்டுப் பார்த்தேன் (இரண்டும், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும், புகை மட்டும் என்ற வரிசையில்): 53.24 − 5.17 − 10.85 + 1 = 38.22. சரியா சார்?

எண்ணும்எழுத்தும்

சரி. பூஜ்யத்துக்கு மேல் போனாலே கூட்டலைத் தாண்டிவிட்டது என்று பொருள், இது எங்கேயோ நிற்கிறது. அடுத்து நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) போடுங்கள். அதற்கு விகிதம் போதாது, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை இறப்பு என்ற எண்ணிக்கை வேண்டும். புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இல்லாத கட்டத்தில் இறப்பு எப்போதுமே குறைவாக இருக்கும், இடைவெளி அங்கேதான் விரியும். பூட்ஸ்ட்ராப் (அதே தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுப்பது) செய்து பார்த்துவிட்டு இங்கேயே போடுங்கள்.